மண்ணும் கதிரியக்கத் தனிமங்களும்: ஒரு கணிப்பின் வரலாறு

கதிரியக்கத் தனிமங்கள் நிலத்தில் விழும்போதோ, ஆற்றிலும் கடலிலும் கலக்கும்போதோ அவற்றின் ஒரு பகுதி நீரில் கரைந்து நகர்கிறது. மற்றொரு பகுதி மண் துகள்களிலும் அடிப்படிவுகளிலும் ஒட்டித் தங்கிவிடுகிறது. எந்தத் தனிமம், எவ்வகை மண்ணில், எவ்வளவு உறுதியாக, எத்தனை காலம் தங்கும் என்பதை முன்கூட்டிக் கணிப்பது சூழல் வேதியியலின் முக்கியமான பணிகளில் ஒன்றாகும். ஒரு கிணற்றின் நீரைக் குடிக்கலாமா, ஒரு வயலில் நெல் பயிரிடலாமா, மலையில் மேய்ந்த ஆட்டின் இறைச்சியை விற்கலாமா, அணுக்கழிவை எங்கே புதைக்கலாம் என்ற கேள்விகளுக்கான விடைகள் இந்தக் கணிப்பைச் சார்ந்துள்ளன.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான இந்தத் துறையின் வரலாற்றில் ஒரு பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. பிணைப்பு என்பது தனிமத்துக்கு மட்டுமோ மண்ணுக்கு மட்டுமோ உரிய பண்பு அன்று. தனிமம், கனிமம், இரண்டையும் சூழ்ந்துள்ள நீர் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஓரிடத்தில் அளந்த எண்ணை வேறோர் இடத்துக்கு அப்படியே கொண்டுசென்றபோதெல்லாம் கணிப்பு பிழைத்தது. அதன் விலையை அந்த நிலத்தில் வாழ்ந்த மக்கள் கொடுத்தார்கள்.

உர ஆய்வில் பிறந்த அறிவு

மண் சில பொருள்களைப் பிடித்துவைக்கிறது என்ற அறிவு, கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வேளாண்மையிலிருந்து கிடைத்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த நிலவுடைமையாளர் எச். எஸ். தாம்சன், உரமாக இடும் அம்மோனியம் சல்பேட் மழையில் கரைந்து வீணாகிறதா என்று அறிய விரும்பினார். மண் நிரப்பிய குழாயில் அந்த உரத்தைக் கலந்து மேலிருந்து நீர் ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் கால்சியம் சல்பேட் இருந்தது.

இந்த ஆய்வைத் தொடர்ந்தவர் அரச வேளாண் கழகத்தின் வேதியியலாளர் ஜான் தாமஸ் வே. தாம்சனின் கட்டுரையும் வேயின் முதல் கட்டுரையும் 1850-இல் வெளிவந்தன. மண் அம்மோனியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடான அளவு கால்சியத்தை வெளிவிடுகிறது என்றும், இந்தப் பண்டமாற்று மிக விரைவாக நடக்கிறது என்றும், மண்ணிலுள்ள களிப் பகுதியே இதற்குக் காரணம் என்றும் வே காட்டினார். இன்று இது அயனிப் பரிமாற்றம் எனப்படுகிறது.

களிமண்ணுக்கு இந்த ஆற்றல் எப்படி வந்தது என்பது அடுத்த நூற்றாண்டில்தான் புரிந்தது. 1930-இல் லைனஸ் பாலிங் மைக்கா என்னும் அபிரகத்தின் அணுக்கட்டமைப்பை விளக்கினார். எக்ஸ் கதிர் ஆய்வுகள், களிமண்ணும் அதே போன்ற மெல்லிய படிக அடுக்குகளால் ஆனது என்பதைக் காட்டின. இந்த அடுக்குகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அந்த மின்னூட்டத்தை ஈடுசெய்ய கால்சியம், பொட்டாசியம், சோடியம் போன்ற நேர் அயனிகள் அடுக்குகளின் மேலும் இடையிலும் அமர்ந்திருக்கின்றன. 1937-இல் கிரிம், பிரே, பிராட்லி ஆகிய மூவர், அபிரகத்தை ஒத்த ஒரு களிக் கனிமத்துக்கு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தை நினைவூட்டும் வகையில் இல்லைட் என்று பெயரிட்டனர். பின்னாளில் சீசியத்தின் கதையில் முதன்மை இடம் பெறப்போகும் கனிமம் இதுவே.

அணுயுகமும் ஒற்றை எண்ணும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் ஹான்ஃபோர்டு அணுவளாகம் அமைக்கப்பட்டது. அங்கே 1944 முதல் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் உற்பத்தியானது. அணுஉலையிலிருந்து எடுத்த எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தபின் பெருமளவு கழிவுநீர் எஞ்சியது. மிகக் கடுமையான கழிவு நிலத்தடித் தொட்டிகளில் சேமிக்கப்பட்டது. கதிரியக்கம் குறைந்த கழிவுநீர் குழிகளிலும் அகழிகளிலும் விடப்பட்டு மண்ணுக்குள் இறங்கியது. வறண்ட நிலம், ஆழமான நிலத்தடி நீர்மட்டம், இடையில் பல மீட்டர் மண் என்ற நிலையில் மண்ணே வடிகட்டியாக நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கையைக் கணக்கிட்டுப் பார்க்க ஓர் எளிய அளவு பயன்பட்டது. ஒரு கிராம் மண்ணில் ஒட்டியிருக்கும் தனிமத்தின் அளவை, அதைச் சூழ்ந்த ஒரு மில்லிலிட்டர் நீரில் கரைந்திருக்கும் அளவால் வகுத்தால் கிடைப்பது பங்கீட்டுக் குணகம். அதே விகிதத்தை, அயனிப் பரிமாற்றப் பிசின்களைக் கொண்டு தனிமங்களைப் பிரித்த வேதியியலாளர்கள் 1940-களிலேயே கையாண்டு வந்தனர். ஒரு குப்பியில் மண்ணையும் நீரையும் தனிமத்தையும் இட்டுக் குலுக்கி, மண்ணைப் பிரித்து, எஞ்சிய நீரை அளந்தால் போதும். ஒரே நாளில் விடை கிடைத்துவிடும்.

இந்த எண்ணைக் கொண்டு தனிமம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதையும் கணக்கிடலாம். மண்ணின் அடர்த்தியைக் குணகத்தால் பெருக்கி, மண்ணில் நீர் நிறைந்துள்ள இடத்தின் பங்கால் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது தாமதக் காரணி. ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை 1.6 கிராம், அதில் நீரின் பங்கு 0.4, குணகம் 100 எனக் கொண்டால் தாமதக் காரணி 401. நிலத்தடி நீர் ஆண்டுக்கு 40 மீட்டர் நகர்ந்தால் அந்தத் தனிமம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான் நகரும். சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 30 ஆண்டுகள். பத்து அரை ஆயுட்காலங்களில், அதாவது 300 ஆண்டுகளில், அது 30 மீட்டர் நகர்வதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சிதைந்துவிடும். நிலம் தானே காவல் காக்கிறது என்ற முடிவுக்கு இப்படித்தான் வந்தார்கள்.

இந்தக் கணக்கில் நான்கு அனுமானங்கள் ஒளிந்துள்ளன. தனிமம் எவ்வளவு சேர்ந்தாலும் குணகம் மாறாது, நீரின் வேதித்தன்மை மாறாது, ஒட்டுவதும் பிரிவதும் ஒரே எளிமையுடன் நடக்கும், துகள்கள் இருந்த இடத்தில் இருக்கும் என்பவையே அவை. அடுத்து வந்த அறுபது ஆண்டுகளில் இந்த நான்கும் ஒவ்வொன்றாக உடைந்தன.

நைந்த ஓரங்கள்

டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் தன் திரவக் கழிவைக் களிப்பாறை நிலத்தில் தோண்டிய குழிகளில் விட்டது. அங்கே சீசியம் குழிகளுக்கு அருகிலேயே நின்றுவிட, ருத்தேனியம்-106 கசிந்து ஓடைகளை அடைந்தது. ஒரே மண், ஒரே கழிவு என்றாலும் ஒவ்வொரு தனிமமும் தனித்தனி வழியில் சென்றது.

சீசியம் ஏன் இவ்வளவு உறுதியாகப் பிடிக்கப்படுகிறது என்ற கேள்வியை அந்த ஆய்வகத்தின் சுனியோ தமுரா, டி. ஜி. ஜேக்கப்ஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். மொத்த அயனிப் பரிமாற்றத் திறன் மிகுந்த பெண்டோனைட் போன்ற களிமண்களைவிட, அந்தத் திறன் குறைந்த இல்லைட், மிகக் குறைந்த செறிவிலுள்ள சீசியத்தை வலுவாகப் பற்றியது. 1960-இல் வெளியான அவர்களுடைய கட்டுரைகள், விடை படிக அடுக்குகளின் இடைவெளியில் இருப்பதைச் சுட்டின.

இல்லைட்டின் அடுக்குகளைப் பொட்டாசியம் அயனிகள் இறுக்கிப் பிடித்துவைத்துள்ளன. வானிலையால் சிதையும்போது விளிம்பிலுள்ள பொட்டாசியம் வெளியேறுகிறது. பழைய புத்தகத்தின் ஓரத்தாள்கள் விரிந்து நிற்பதுபோல, படிகத்தின் விளிம்பு அடுக்குகள் சற்றே விரிகின்றன. இவையே நைந்த ஓரத் தளங்கள். கால்சியமும் மக்னீசியமும் தம்மைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் போர்த்தியிருப்பதால் இந்த இடுக்கில் நுழைவது கடினம். சீசியம் தன் நீர்ப் போர்வையை எளிதில் கழற்றிவிட்டு உள்ளே சென்று, அடுக்கின் ஆக்சிஜன் வளையத்தில் பொருந்திக்கொள்கிறது. காலப்போக்கில் அடுக்குகள் அதன்மேல் மூடிக்கொண்டால் வெளியே வருவது மேலும் அரிதாகிறது.

இந்த இடுக்கில் சீசியத்தோடு போட்டியிடக்கூடிய பொதுவான அயனிகள் இரண்டு: பொட்டாசியமும் அம்மோனியமும். தாம்சனும் வேயும் ஆராய்ந்த அதே அம்மோனியம் இங்கே மீண்டும் வருகிறது. 1983-இல் அமெரிக்காவின் தென் கரோலைனாவிலுள்ள பார் பாண்டு நீர்த்தேக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வு இதை இயற்கையிலேயே காட்டியது. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தபோது படிவுகளிலிருந்து அம்மோனியம் வெளிப்பட்டது. அதோடு படிவில் நிலைத்துவிட்டதாகக் கருதப்பட்ட சீசியமும் நீருக்குத் திரும்பியது.

மூன்று வாரங்களும் இருபத்தாறு ஆண்டுகளும்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுஉலை வெடித்தது. அதன் கதிரியக்க மேகம் மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டன் மேல் சென்றபோது வட இங்கிலாந்தின் கம்பிரியா, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளின் மலைகளில் கனமழை பெய்தது. மழையோடு சீசியம் புல்வெளிகளில் இறங்கியது.

இந்தப் பாதிப்பு விரைவில் மறைந்துவிடும் என்று அதிகாரிகள் முதலில் கூறினர். புல்லின் மேல் படிந்த சீசியம் மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குள் சென்றதும் களிமண் அதைப் பூட்டிவிடும், புதிதாக முளைக்கும் புல் தூய்மையாக இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. ஆட்டிறைச்சியில் அளவு உயர்வதைக் கண்டபின் ஜூன் 20 அன்று, கிலோகிராமுக்கு 1,000 பெக்கரல் என்ற வரம்பு கொண்டு, கம்பிரியாவிலும் வட வேல்ஸிலும் ஆடுகளை இடம்பெயர்க்கவும் வெட்டவும் தடை விதிக்கப்பட்டது. தடை மூன்று வாரங்களுக்கு மட்டும் என அறிவித்தார்கள்.

மூன்று வாரம் கழிந்தும் அளவு குறையவில்லை. தடை காலவரையின்றி நீண்டது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பரவியது. உச்சத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. மலைப் பண்ணையாளர்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை. கோடையின் இறுதியில் குட்டிகளை விற்றுத்தான் அவர்களுடைய ஆண்டு வருமானம் வரும். மேய்ச்சல் தீர்வதற்குள் விற்காவிட்டால் அவற்றுக்குத் தீவனம் வாங்க வேண்டும்.

கணிப்பு எங்கே பிழைத்தது? மூன்று வாரக் கணக்குக்கு அடிப்படையாக இருந்த அறிவு, தாழ்நிலத்தின் களி நிறைந்த மண்களில் கிடைத்தது. மலையுச்சி மண் வேறானது. அது பீட் என்னும் மட்கு நிறைந்த, அமிலத்தன்மை கொண்ட, எப்போதும் ஈரமான மண். அதில் இல்லைட் போன்ற கனிமங்கள் மிகக் குறைவு. மட்கு சீசியத்தைப் பிடிக்கிறது என்றாலும், கால்சியத்தைப் பிடிப்பதுபோல எளிதில் விட்டுவிடும் வகையில்தான் பிடிக்கிறது. பொட்டாசியம் குறைந்த அந்த நிலத்தில் புல்லும் புதர்ச்செடிகளும் பொட்டாசியத்தைத் தேடும் வேர்களால் சீசியத்தையும் உறிஞ்சுகின்றன. செடி மடிந்து மட்காகிறது. மட்கிலிருந்து அடுத்த செடிக்குச் சீசியம் செல்கிறது. பூட்டு இல்லாத வீட்டில் பொருள் கைமாறிக்கொண்டே இருந்தது.

இது முற்றிலும் புதிய அறிவும் அன்று. மண்ணில் மட்கு மிகுந்தால் செடிகள் சீசியம்-137-ஐக் கூடுதலாக எடுக்கின்றன என்பதை டி. ஏ. பார்பர் 1964-இலேயே வெளியிட்டிருந்தார். அது அணுகுண்டுச் சோதனைகளின் வீழ்படிவு பற்றிய ஆய்வுக் காலம். அந்த அறிவு நெருக்கடி நேரத்தில் முடிவெடுத்தவர்களின் கணக்கில் சேரவில்லை.

சமூகவியலாளர் பிரையன் வின் கம்பிரியப் பண்ணையாளர்களிடம் நடத்திய நேர்காணல்களை 1992-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். மண்ணைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் பண்ணையாளர்களுக்கு இருந்த அறிவு எப்படிப் புறக்கணிக்கப்பட்டது என்பதற்கு அதில் ஒரு சான்று உண்டு. சீசியத்தைப் பிடிக்கப் பெண்டோனைட் களிமண் உதவுமா என்று அறிய, வேலியிட்ட சிறு நிலங்களில் அதை வெவ்வேறு அளவில் தூவி ஆடுகளை மேயவிட்டனர். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடுகள் வேலிக்குள் உடல் தளர்ந்துவிடும், ஆகவே முடிவு பயன்படாது என்று பண்ணையாளர்கள் சொன்னார்கள். அந்தச் சோதனை பின்னர் கைவிடப்பட்டது.

கடைசிப் பண்ணைகளின் மீதிருந்த கட்டுப்பாடு 2012 ஜூன் மாதம்தான் நீங்கியது. அப்போதும் வேல்ஸில் முந்நூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளும் கம்பிரியாவில் எட்டுப் பண்ணைகளும் பட்டியலில் இருந்தன. மூன்று வாரம் என்று தொடங்கியது இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது.

தளங்களை எண்ணும் மாதிரிகள்

செர்னோபிலுக்குப் பின் ஆய்வாளர்கள் ஒற்றை எண்ணைத் தாண்டத் தொடங்கினர். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் கிரெமர்ஸ் தலைமையிலான குழு 1988-இல் நேச்சர் இதழில் ஒரு முறையை வெளியிட்டது. வெள்ளி அணைவுச் சேர்மம் ஒன்றைக் கொண்டு சாதாரணப் பரிமாற்றத் தளங்களை மறைத்துவிட்டு, நைந்த ஓரத் தளங்களை மட்டும் அளப்பது அதன் உத்தி. இதிலிருந்து ஒரு மண்ணின் சீசியம் இடைமறிப்புத் திறன் என்ற அளவு வந்தது. இந்தத் திறனை நீரிலுள்ள பொட்டாசியத்தின் செறிவால் வகுத்தால் பங்கீட்டுக் குணகத்தைப் பெறலாம்; அம்மோனியம் இருந்தால் அதையும் உரிய எடையுடன் சேர்க்க வேண்டும். குணகம் என்பது கையேட்டில் பார்த்து எழுதும் மாறிலி என்ற நிலை மாறி, மண்ணையும் நீரையும் அளந்து கணக்கிடும் விளைவாயிற்று.

சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மைக்கேல் பிராட்பரியும் பார்ட் பயென்ஸும் 2000-இல் களிப்பாறைகளுக்கான ஒரு பொது மாதிரியை வெளியிட்டனர். இல்லைட்டின் பரிமாற்றத் தளங்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தனர். அடுக்குகளின் தட்டையான பரப்பில் உள்ளவை ஏறத்தாழ 80 விழுக்காடு, இடைநிலைத் தளங்கள் 20 விழுக்காடு, நைந்த ஓரத் தளங்கள் வெறும் 0.25 விழுக்காடு.

கால் விழுக்காடு என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கதிரியக்கச் சீசியத்தின் எடையும் அற்பமே. ஒரு கிராம் சீசியம்-137 ஏறத்தாழ 3.2 லட்சம் கோடி பெக்கரல் கதிரியக்கம் கொண்டது. எனவே தடை வரம்பான 1,000 பெக்கரலை எட்ட, ஒரு கிராமின் நூறு கோடியில் மூன்றிலொரு பங்கு சீசியம் போதும். ஒரு கிலோகிராம் இல்லைட்டின் நைந்த ஓரங்களில் இதைப்போல இருபது கோடி மடங்கு சீசியத்துக்கு இடம் உண்டு. அந்தக் கனிமம் சிறிதளவு இருக்கும் நிலத்தையும் அறவே இல்லாத நிலத்தையும் பிரிக்கும் கோடு இங்கேதான் உள்ளது.

வேளாண் நிலங்களுக்கும் இதே சிந்தனை விரிந்தது. 1999-இல் ஜே. பி. அப்சலோமும் உடன் ஆய்வாளர்களும், மண்ணின் களி அளவு, பரிமாற்றத்துக்கு உட்படும் பொட்டாசியம், அமிலத்தன்மை, அம்மோனியம் முதலியவற்றைக் கொண்டு செடிக்குள் செல்லும் சீசியத்தைக் கணிக்கும் மாதிரியை அமைத்தனர். வழக்கமான மண் பரிசோதனைத் தரவுகளே இதற்குப் போதும் என்பதால், எந்த வட்டாரம் நெடுங்காலம் பாதிக்கப்படும் என்பதை வரைபடத்தில் காட்ட முடிந்தது.

யுரேனியம் போன்ற தனிமங்களுக்கு வேறு வகை மாதிரி தேவைப்பட்டது. அவை இரும்பு ஆக்சைடு முதலிய கனிமப் பரப்புகளில் வேதிப்பிணைப்பு கொள்கின்றன; அதன் வலிமை நீரின் அமிலத்தன்மையோடும் கார்பனேட் அளவோடும் பெரிதும் மாறுகிறது. இத்தகைய பரப்பு அணைவு மாதிரிகளுக்குத் தேவையான மாறிலிகளை டேவிட் சோம்பாக்கும் பிரான்சுவா மொரேலும் 1990-இல் வெளியிட்ட நூலில் முறையாகத் தொகுத்தனர்.

இந்த அணுகுமுறையின் தேவையை ஹான்ஃபோர்டு மீண்டும் உணர்த்தியது. அங்கே எரிபொருள் தயாரித்த பகுதியில், ஆற்றங்கரை ஓரக் குளங்களில் விடப்பட்ட கழிவுநீரால் நிலத்தடி நீரில் யுரேனியம் கலந்திருந்தது. மாறாத குணகத்தைக் கொண்ட கணிப்பு, 1993-இலிருந்து 3 முதல் 10 ஆண்டுகளுக்குள் அது குடிநீர் வரம்புக்குக் கீழே தானாகவே குறையும் என்றது. பத்தாண்டு கடந்தும் குறையவில்லை. கொலம்பியா ஆற்றில் வெள்ளம் உயரும்போது நிலத்தடி நீர்மட்டமும் உயர்ந்து, மேலிருந்த வண்டலைத் தொட்டு, அங்கே தங்கியிருந்த யுரேனியத்தைக் கரைத்து இறக்கியது. ஆற்றுநீர் கலக்கும்போது கார்பனேட் அளவு மாறுவதால் யுரேனியத்தின் பிணைப்பும் பருவந்தோறும் மாறியது.

ஒட்டியதும் நகரும்

படிவுகளின் வரலாறு மற்றொரு கேள்வியை எழுப்பியது. தனிமம் துகளோடு ஒட்டியிருக்கலாம். துகள் எங்கே போகிறது?

சோவியத் ஒன்றியத்தின் மாயக் அணுவளாகம் 1949 முதல் 1956 வரை தேச்சா ஆற்றில் கதிரியக்கக் கழிவை விட்டது. சீசியத்தின் பெரும்பகுதி ஆற்றின் மேற்பகுதிப் படிவுகளிலும் வெள்ளச் சமவெளி மண்ணிலும் தங்கியது. கால்சியத்தைப் போல நடந்துகொள்ளும் ஸ்ட்ரான்சியம்-90 நீரோடு கீழ்நோக்கிச் சென்று, ஆற்றுநீரைக் குடித்த கிராமத்தாரின் எலும்புகளில் சேர்ந்தது. செர்னோபிலுக்குப் பின் தினிப்பர் ஆற்றிலும் இதே பிரிவு தெரிந்தது. கீவ் நீர்த்தேக்கத்தின் அடிச்சேற்றில் சீசியம் படிந்தது. ஸ்ட்ரான்சியத்தின் கணிசமான பகுதி அணைகளைக் கடந்து கருங்கடல் நோக்கிச் சென்றது. 1986 கோடையில் சிற்றாறுகளின் குறுக்கே சியோலைட் கனிமம் நிரப்பிய 130 தடுப்பணைகள் அவசரமாகக் கட்டப்பட்டன. அவை அந்த ஓடைகளிலிருந்த சீசியத்திலும் ஸ்ட்ரான்சியத்திலும் 5 முதல் 10 விழுக்காட்டை மட்டுமே பிடித்தன.

கம்பிரியக் கடற்கரையிலுள்ள செல்லஃபீல்டு வளாகத்தின் கழிவு அயர்லாந்துக் கடலில் விடப்பட்டது. புளூட்டோனியமும் அமெரிசியமும் கடலடிச் சேற்றில் ஒட்டி அங்கேயே கிடக்கும் என்பது தொடக்க கால எதிர்பார்ப்பு. அவை சேற்றில் ஒட்டியது உண்மையே. அந்தச் சேற்றை அலையும் ஓதமும் ரேவன்கிளாஸ் கழிமுகம் வரை கரைக்குக் கொண்டுவந்தன. 1970-களின் நடுவில் உச்சத்திலிருந்த வெளியேற்றம் பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டதும், கடல்நீருக்குச் சீசியத்தைத் தரும் மூலமாக அந்தச் சேறே மாறியது. பன்னாட்டு அணுசக்தி முகமை 1985-இலும் 2004-இலும் வெளியிட்ட கடற்படிவுக் குணக அட்டவணைகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அவற்றோடு படிவுகள் நகரும் கணக்கையும் சேர்க்க வேண்டும் என்பதை அயர்லாந்துக் கடல் கற்பித்தது.

நிலத்துக்கு அடியிலும் துகள்கள் நகர்கின்றன. 1968-இல் நெவாடா பாலைவனத்தில் பென்ஹாம் என்ற பெயரில் ஓர் அணுவெடிப்பு நிலத்தடியில் நடத்தப்பட்டது. அதன் புளூட்டோனியம் 1.3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிணறுகளில் இருப்பதை அன்னி கெர்ஸ்டிங் குழு 1999-இல் அறிவித்தது. புளூட்டோனியத்தின் பங்கீட்டுக் குணகப்படி அது அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கவே கூடாது. நீரில் மிதக்கும் நுண்ணிய களித்துகள்களான கூழ்மங்களில் ஒட்டிக்கொண்டு அது பயணம் செய்திருந்தது. வலுவாக ஒட்டும் தன்மையே அதை நகர்த்தும் வாகனமாயிற்று.

ஹான்ஃபோர்டின் தொட்டிகளுக்கு அடியிலும் ஒரு வியப்பு காத்திருந்தது. 1973-இல் ஒரு தொட்டியிலிருந்து 4 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட கழிவு கசிந்தபோது சீசியம் பெரும்பாலும் அருகிலேயே நின்றது. 1990-களில் வேறொரு தொட்டித் தொகுதியின் அடியில் சீசியம் எதிர்பார்த்ததைவிட ஆழத்தில் காணப்பட்டது. அங்கே கசிந்த கழிவு, சோடியம் உப்பு மிகுந்த சுடுநீர்க் கரைசல். சாதாரண நிலையில் நைந்த ஓரங்களில் சோடியம் சீசியத்துக்கு ஈடாகாது. ஆனால் கடல்நீரைவிடப் பன்மடங்கு செறிவில் திரண்டு வந்தபோது, எண்ணிக்கை வலிமையால் அது சீசியத்துக்கு இடமில்லாமல் செய்தது. ஜான் சக்காராவும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் இதைப் பலதள மாதிரியால் விளக்கினர்.

ஃபுகுஷிமாவின் வயல்கள்

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது இந்த அறிவு கைவசம் இருந்தது. அங்குள்ள கருங்கல் வழிவந்த மண்ணில், சிதைந்த கருப்பு அபிரகம் சீசியத்தை மேற்பரப்பின் சில சென்டிமீட்டருக்குள் பிடித்துவைத்தது. ஆகவே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மேல்மண்ணை வழித்தெடுத்தால் பெரும்பகுதியை அகற்றலாம் என்று முடிவாயிற்று. நெல் வயல்களில் 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் ஆக்சைடு இருக்குமாறு உரமிடும்படி உழவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வேருக்குப் பொட்டாசியம் தாராளமாகக் கிடைத்தால் அது சீசியத்தை நாடுவது குறையும். கிலோகிராமுக்கு 100 பெக்கரல் என்ற கடுமையான வரம்புக்குள் நெல் விளைச்சல் மீண்டதற்கு இந்த எளிய நடவடிக்கை பெரிதும் உதவியது.

மறுபுறம், வழித்தெடுத்த மண் மலைபோல் குவிந்தது. சீசியத்தை விடாமல் பிடிக்கும் அதே கனிமம், மண்ணைக் கழுவித் தூய்மைப்படுத்தும் முயற்சியையும் கடினமாக்கியது. ஏறத்தாழ 1.4 கோடி கன மீட்டர் மண்ணும் கழிவும் இடைக்காலச் சேமிப்பகத்துக்குச் சென்றன. அவற்றை 2045-க்குள் ஃபுகுஷிமா மாகாணத்துக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்று ஜப்பானியச் சட்டம் கூறுகிறது. மனிதர் வாழாத காட்டுப் பகுதிகளில் மண் அகற்றப்படவில்லை. இலைச்சருகின் மட்கில் சீசியம் சுழல்வது அங்கே தொடர்கிறது. கம்பிரிய மலையின் பீட் மண் காட்டிய அதே சுழற்சி இது.

முடிவுரை

பங்கீட்டுக் குணகம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. விரைவான முதல் மதிப்பீட்டுக்கு அதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த மண், எந்த நீர், எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு அம்மோனியம் என்ற விவரங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை 1986-இன் மலைப் பண்ணைகள் உலகுக்குக் கற்பித்தன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிடும் நாடுகள் களிப்பாறைகளையும் பெண்டோனைட்டையும் நம்பியுள்ளன. தாழ்நில மண்ணில் அளந்த எண்ணை மலை மண்ணில் மூன்று வாரத்துக்கு நீட்டியதே இவ்வளவு பெரிய பிழையானது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு நீட்டப்படும் எண், எந்த மண்ணில் பிறந்தது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.